புல் வெட்டும் மிஷினுக்கு பெல்ட்டும் பேரிங்கும்: கம்ப்யூட்டர் துணையோடு நாமே மாற்றலாம்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லாரும் செய்வது ஒன்றுதான். பாட்டு கேட்போம், படம் பார்ப்போம், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுடன் வீடியோவில் பேசுவோம், கரண்ட் பில் கட்டுவோம். இரண்டு மாதம் போனதும் "வேறென்ன செய்யலாம்?" என்ற கேள்வி வரும். வீட்டிலும் தோட்டத்திலும் இருக்கும் மற்ற மிஷின்களைப் பழுது பார்க்க உதவும் ஒரு கருவியாகவும் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தலாம். அதற்கு எடுத்துக்காட்டாக, இந்த மாதம் புல் வெட்டும் மிஷினை எடுத்துக் கொள்வோம்.

புல் வெட்டும் மிஷின் எதற்கு என்று சமவெளி வாசகர்கள் நினைக்கலாம். தேன்கனிக்கோட்டை, தளி, ஓசூர் பக்கம் இருப்பவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரம். மே மாதம் ஒரு நல்ல மழை பெய்தால் போதும், வருடக் கடைசி வரை புல் வளர்ந்து கொண்டேதான் இருக்கும். ஓசூர் சிப்காட் ஆலைகளின் முன்புறப் புல்தரை, பள்ளிக்கூட விளையாட்டுத் திடல், பெங்களூருக்காரர்கள் வாங்கிப் போட்டிருக்கும் தோட்ட வீடு என்று புல் மிஷின் ஓடும் இடங்கள் இங்கே பல. ஆனால் மிஷின் கெட்டுப் போனால் கம்பெனி சர்வீஸ் ஆள் எல்லை தாண்டி வர வேண்டும். வந்தவர் பல நேரம் "டெக் செட்டையே மாற்றணும் சார்" என்று சொல்லி விடுகிறார். பல ஆயிரம் ரூபாய் செலவு. உள்ளே கெட்டிருப்பது சில நூறு ரூபாய் பெறும் ஒரு பேரிங்காகவோ பெல்ட்டாகவோ இருக்கலாம்.

பேரிங் கடை ஓசூரிலேயே இருக்கிறது. பெல்ட் கடையும் இருக்கிறது. பழைய பாகத்தைக் கையில் எடுத்துப் போய் "இதே மாதிரி கொடுங்க" என்று கேட்பதில்தான் தவறு நடக்கிறது. தேய்ந்து நீண்டு போன பெல்ட்டை அளந்தால் தவறான அளவுதான் கிடைக்கும். எனவே கண்ணால் ஒப்பிட்டு வாங்காமல், எண்ணையும் அளவையும் சொல்லி வாங்க வேண்டும். அந்த எண்ணைத் தேடித் தருவதும் அளவைக் கணக்குப் போட்டுத் தருவதும் உங்கள் கம்ப்யூட்டரின் வேலை.

டெக் என்றால் என்ன?

மிஷினின் அடியில் கவிழ்த்து வைத்த தாம்பாளம் போல ஒரு இரும்புத் தகடு இருக்கும். அதற்குப் பெயர்தான் டெக். பிளேடு இதற்குள்தான் சுழல்கிறது. கையால் தள்ளும் சிறிய மிஷின்கள் பலவற்றில் பிளேடு நேரடியாக இஞ்சின் தண்டில் முடுக்கப்பட்டிருக்கும். அவற்றில் பிளேடுக்கென்று தனி பெல்ட் கிடையாது. உட்கார்ந்து ஓட்டும் மிஷின்களிலும் அகலமாக வெட்டும் மிஷின்களிலும் இஞ்சின் ஓரிடத்தில், பிளேடு வேறிடத்தில் இருக்கும். இரண்டையும் இணைப்பது வி பெல்ட்.

சக்தி போகும் வழியைப் பாருங்கள். இஞ்சின் தண்டின் நுனியில் ஒரு புல்லி. அதிலிருந்து பெல்ட் கிளம்புகிறது. (புல் வெட்டவும் புல்லி வேண்டியிருப்பது தமிழின் குறும்பு.) வழியில் ஸ்பிரிங் வைத்த ஐட்லர் புல்லி ஒன்று பெல்ட்டை அழுத்தி இறுக்கிப் பிடிக்கிறது. அதன் பிறகு ஸ்பிண்டில் புல்லி. ஸ்பிண்டில் என்பது செங்குத்தாக நிற்கும் தண்டு. மேல் முனையில் புல்லி, கீழ் முனையில் பிளேடு. தண்டைத் தாங்குவதற்கு ஒரு கூடு, கூட்டுக்குள் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு பேரிங்குகள்.

ஸ்பிண்டில் என்ற சொல் கம்ப்யூட்டர்காரர்களுக்கும் பழக்கமானதுதான். ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே தட்டுகளைச் சுற்றும் தண்டுக்கும் அதே பெயர். அது நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுற்றும். புல் மிஷின் ஸ்பிண்டில் 3,000 சுற்று அளவில்தான் சுற்றுகிறது. ஆனால் ஹார்ட் டிஸ்க் தூசி புகாத பெட்டிக்குள் வாழ்கிறது. புல் மிஷின் ஸ்பிண்டில் மண், ஈரப்புல், கல், மழைத் தண்ணீர் எல்லாவற்றுக்கும் நடுவில் வாழ்கிறது. அதனால்தான் அதன் பேரிங் சீக்கிரம் போகிறது.

கை வைக்கும் முன்

பெட்ரோல் மிஷின் என்றால் ஸ்பார்க் பிளக்கின் மேல் மாட்டியிருக்கும் வயரைக் கழற்றித் தள்ளி வையுங்கள். சாவியை எடுத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். பிளேடைக் கையால் திருப்பினால் இஞ்சினும் திரும்பும், திரும்பினால் பற்றிக் கொள்ளலாம். பேட்டரி மிஷின் என்றால் பேட்டரியையே வெளியே எடுத்து விடவும். மின்சார மிஷின் என்றால் சுவிட்சை அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கவும். தடித்த கையுறை அவசியம்.

சிறிய மிஷினைச் சாய்க்கும் போது ஏர் பில்டரும் கார்புரேட்டரும் இருக்கும் பக்கம் மேலே இருக்க வேண்டும். மாறிச் சாய்த்தால் ஆயில் போய் ஏர் பில்டரில் நிரம்பும். பெட்ரோலை முன்பே வடித்து விடுவது நல்லது. உட்கார்ந்து ஓட்டும் மிஷினில் டெக்கையே தனியாகக் கழற்றி வெளியே இழுக்கலாம். அதுதான் சரியான வழி. ஜாக்கியை மட்டும் நம்பி மிஷினுக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது.

இன்னும் ஸ்பேனரை எடுக்காதீர்கள். முதலில் மொபைல் போனை எடுங்கள். பெல்ட் எந்தப் புல்லியின் எந்தப் பக்கமாகப் போகிறது, அது நழுவாமல் இருக்க வைத்திருக்கும் கம்பிகளுக்கு உள்ளே போகிறதா வெளியே போகிறதா, ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்று மேலிருந்தும் பக்கவாட்டிலும் ஐந்தாறு படங்கள் எடுத்துக் கொள்ளுங்கள். அவற்றை கேபிள் மூலம் கம்ப்யூட்டருக்கு மாற்றி, "புல்மிஷின்" என்று ஒரு போல்டர் உருவாக்கி அதில் போடவும். போன் கொடுக்கும் நீளமான எண் பெயர்களை அப்படியே விடாமல், பைலின் மீது ரைட் கிளிக் செய்து ரீநேம் கொடுத்து "பெல்ட் வழி மேலிருந்து", "ஸ்பிரிங் துளை" என்று பெயர் மாற்றவும். ஒரு வாரம் கழித்து பாகம் வந்து சேரும் போது இந்தப் படங்கள் இல்லாவிட்டால் பெல்ட்டை மாட்டும் வழி யாருக்கும் நினைவிருக்காது. புது பெல்ட் ஒரே நாளில் கருகிப் போவதற்கு, அதைக் கம்பியின் தவறான பக்கமாக மாட்டியிருப்பது அடிக்கடி காணும் காரணம்.

கெட்டது எது?

பிளேடின் இரண்டு நுனிகளையும் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். தண்டு லொடலொட என்று ஆடினால் பேரிங் போய் விட்டது, அல்லது கூட்டில் பேரிங் உட்காரும் குழி தேய்ந்து விட்டது. பெல்ட்டைக் கழற்றிய பின் ஸ்பிண்டில் புல்லியைக் கையால் சுற்றுங்கள். நல்ல பேரிங் சத்தமில்லாமல் சுற்றும். கெட்டது மணலை அரைப்பது போல் கரகரக்கும். ஐட்லர் புல்லியையும் இதேபோல் சுற்றிப் பார்க்கவும். அதற்குள்ளும் பேரிங் உண்டு. அதைப் பலர் மறந்து விடுகிறார்கள். ஐட்லர் இறுகிப் போனால் ஓடும் பெல்ட் அதன் மேல் உராய்ந்து கருகும். பெல்ட்டை மட்டும் மாற்றினால் அடுத்ததும் கருகும்.

பெல்ட்டைப் பார்க்கும் போது அதன் இரு பக்கச் சுவர்களைப் பாருங்கள். வேலை செய்வது அடிப்பகுதி அல்ல, அந்தப் பக்கங்கள்தான். வி வடிவப் பள்ளத்தில் பெல்ட் ஆப்பு போல் இறுகிக் கொள்வதால்தான் சக்தி கடத்தப்படுகிறது. பக்கங்கள் கண்ணாடி போல் பளபளத்தால் பெல்ட் வழுக்கிக் கொண்டிருந்திருக்கிறது. குறுக்கே வெடிப்பு விட்டிருந்தாலும், ஓரத்தில் நூல் பிரிந்திருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். பெல்ட் தேய்ந்து மெலிந்து பள்ளத்தின் தரையைத் தொட்டு விட்டால் ஆப்பு வேலையே நடக்காது. ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. பெல்ட் வழுக்கினால் எதையாவது தடவி ஓட்டும் பழக்கம் நம் ஊரில் உண்டு. புல் மிஷினில் அதைச் செய்ய வேண்டாம். ஒட்டும் பொருள் எதுவானாலும் புல்தூசியும் மண்ணும் அதில் பிடித்து புல்லியின் பள்ளத்தை அரைத்து விடும்.

மாடல் எண்ணும் பாகப் படமும்

இப்போது கம்ப்யூட்டர் முன் உட்காருவோம். மிஷினின் சீட்டுக்கு அடியிலோ டெக்கின் பின்புறமோ ஒரு தகடு அல்லது ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள மாடல் எண், சீரியல் எண் இரண்டையும் படம் எடுத்துக் கொள்ளவும். இஞ்சினின் மேல் இன்னொரு எண் அடித்திருப்பார்கள். அது இஞ்சினைத் தயாரித்தவர் கொடுத்த எண். பெல்ட்டுக்கும் ஸ்பிண்டிலுக்கும் அந்த எண்ணை வைத்துத் தேடினால் எதுவும் கிடைக்காது. மிஷினின் எண்தான் வேண்டும்.

பிரவுசரைத் திறந்து அந்த மாடல் எண்ணை இரட்டை மேற்கோள் குறிக்குள் கொடுத்து, பக்கத்தில் பார்ட்ஸ் டயகிராம் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து தேடவும். மேற்கோள் குறி போட்டால் அந்த எண் அப்படியே இருக்கும் பக்கங்களுக்கு முன்னுரிமை கிடைக்கும். தயாரித்த கம்பெனியின் சொந்தத் தளம் கிடைத்தால் அதையே முதலில் திறக்கவும். பல கம்பெனிகள் பாகங்களைப் பிரித்துக் காட்டும் படத்தைப் பிடிஎப் பைலாக இலவசமாகவே தருகின்றன. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வரிசை எண் இருக்கும். கீழே பட்டியலில் அதற்குரிய பார்ட் நம்பர் இருக்கும்.

பிடிஎப் நூறு பக்கம் இருந்தால் புரட்டிக் கொண்டிருக்க வேண்டாம். கண்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு எப் கீயைத் தட்டவும். சிறிய தேடல் கட்டம் கிடைக்கும். அதில் ஸ்பிண்டில் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டினால் அந்தச் சொல் வரும் இடத்துக்கே போய் நிற்கும். ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் அந்த பைல் காகிதத்தைப் போட்டோ எடுத்து உருவாக்கியதாக இருக்கலாம். படத்தில் உள்ள எழுத்தைச் சாதாரணத் தேடல் படிக்காது. அப்போது புரட்டித்தான் ஆக வேண்டும். பிரிண்ட் எடுக்கும் போதும் பக்க எண்ணைக் குறிப்பிட்டு டெக் பக்கத்தை மட்டும் எடுங்கள். நூறு பக்கமும் அச்சாகி இங்க் தீர்ந்த பின் வருத்தப்பட்டுப் பயனில்லை.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இந்த இடத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். மேனுவல் தேடுபவர்களைக் குறி வைத்து ஏமாற்றும் தளங்கள் நிறைய. "டவுண்லோட்" என்று பச்சை நிறத்தில் பெரிய பட்டன் இருக்கும். கிளிக் செய்தால் மேனுவல் வராது, ஏதோ ஒரு புரோகிராம் வரும். இலவச மேனுவலுக்கு கிரெடிட் கார்டு எண் கேட்கும் தளங்களும் உண்டு. உடனே மூடி விடுங்கள். வந்த பைல் உண்மையிலேயே பிடிஎப்தானா என்று அறிய, விண்டோஸ் 11இல் பைல் எக்ஸ்புளோரரைத் திறந்து மேலே வியூ, அதில் ஷோ, அதில் பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். இப்போது ஒவ்வொரு பைல் பெயரின் கடைசியிலும் புள்ளிக்குப் பின் அதன் வகை தெரியும். மேனுவல் என்று நினைத்து இறக்கிய பைலின் பெயர் இஎக்ஸ்இ என்ற மூன்றெழுத்தில் முடிந்தால் அது புத்தகம் அல்ல, புரோகிராம். பெயரின் நடுவில் பிடிஎப் என்று இருந்தாலும் ஏமாற வேண்டாம். கடைசியில் இருப்பதுதான் கணக்கு. திறக்காமல் டெலீட் செய்திடவும். பேரிங்கை மாற்றப் போய் பேங்க் பாஸ்வேர்டைத் தொலைக்க வேண்டியதில்லை.

பேரிங் எண்ணைப் படிக்கும் விதம்

கம்பெனி பார்ட் நம்பரைப் போட்டு வாங்கினால் விலை கூடுதல். ஆனால் உள்ளே இருக்கும் பேரிங் பெரும்பாலும் உலகம் முழுவதும் ஒரே அளவில் கிடைக்கும் சாதாரண பேரிங்தான். அதன் பக்கவாட்டு வளையத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். 6203, 6204, 6205 என்பது போல் ஒரு எண் இருக்கும். இந்த மிஷின்களில் அதிகம் காணப்படுபவை இவை.

கடைசி இரண்டு இலக்கங்கள் உள் துளையின் அளவைச் சொல்கின்றன. 04 முதல் மேலே போனால் அந்த எண்ணை 5ஆல் பெருக்கினால் துளையின் அளவு மில்லிமீட்டரில் கிடைக்கும். 04 என்றால் 20, 05 என்றால் 25. அதற்குக் கீழே மட்டும் விதிவிலக்கு: 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. எனவே 6203 பேரிங்கின் துளை 17 மிமீ, வெளி விட்டம் 40, தடிமன் 12. 6204 என்றால் 20, 47, 14. 6205 என்றால் 25, 52, 15.

எண்ணோடு ஒட்டி வரும் எழுத்துகளும் முக்கியம். இசட் இசட் என்றிருந்தால் இருபுறமும் இரும்புத் தகடு மூடியிருக்கும். 2ஆர்எஸ் என்றால் இருபுறமும் ரப்பர் மூடி. சில கம்பெனிகள் இதையே டிடியு என்றும் எல்எல்யு என்றும் அடிக்கின்றன. புல் மிஷினுக்கு ரப்பர் மூடி போட்டதையே கேட்டு வாங்குங்கள். இரும்புத் தகடு கல்லைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது.

ஒரு பொறியும் இதில் உண்டு. அமெரிக்காவில் செய்த சில மிஷின்களில் வெளி அளவு 6203 போலவே இருக்கும், ஆனால் உள் துளை அங்குலக் கணக்கில் 5/8 அங்குலம், அதாவது 15.88 மிமீ இருக்கும். எண்ணுக்குப் பின் ஒரு கோடு போட்டு வேறு எண் சேர்த்து அடித்திருப்பார்கள். அந்தக் கோட்டை விட்டு விட்டு வெறும் 6203 வாங்கினால் கூட்டில் கச்சிதமாக உட்காரும். தண்டில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் லூசாக இருக்கும். எண்ணைப் படித்த பிறகும் வெர்னியர் காலிபரால் தண்டை ஒரு முறை அளந்து விடுங்கள்.

பெல்ட் நீளம்: எக்ஸெல் சொல்லும்

பெல்ட்டின் மேல் எண் படிக்க முடிந்தால் வேலை எளிது. நம் கடைகளில் ஏ, பி என்ற எழுத்தோடு எண் சொல்லி வாங்குவோம். ஏ 48 என்றால் மேல் அகலம் 13 மிமீ, உள் சுற்றளவு 48 அங்குலம். பி என்றால் அகலம் 17 மிமீ. அமெரிக்க மிஷின்களில் 4எல் என்று தொடங்கும் எண் இருக்கலாம். 4எல்500 என்றால் அகலம் அரை அங்குலம், வெளிச் சுற்றளவு 50.0 அங்குலம். அதாவது ஏ வகைக்கு உள்ளே அளக்கிறார்கள், 4எல் வகைக்கு வெளியே அளக்கிறார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 2 அங்குலம். எனவே 4எல்500க்கு நெருங்கிய உள்ளூர்ச் சொந்தம் ஏ 48. இது தெரியாமல் 50 என்று படித்து ஏ 50 வாங்கினால் பெல்ட் 2 அங்குலம் தொங்கும்.

எண் அழிந்து போயிருந்தால்? பழைய பெல்ட்டை அளக்க வேண்டாம், அது நீண்டிருக்கும். மிஷினை அளப்போம். ஒரு இஞ்சின் புல்லி, ஒரு ஸ்பிண்டில் புல்லி மட்டும் உள்ள டெக் என்று வைத்துக் கொள்வோம். எக்ஸெல் இல்லாவிட்டாலும் லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டிலும் ஒரே முறைதான்.

புதிய ஷீட்டைத் திறந்து ஏ வரிசையில் விளக்கங்களையும் பி வரிசையில் எண்களையும் இடவும். பி1இல் இரண்டு புல்லிகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம், 400. பி2இல் இஞ்சின் புல்லியின் வெளி விட்டம், 150. பி3இல் ஸ்பிண்டில் புல்லியின் வெளி விட்டம், 150. எல்லாம் மில்லிமீட்டரில். பி4இல் இந்தச் சூத்திரத்தை அமைக்கவும்:

=2*பி1+1.5708*(பி2+பி3)+(பி2-பி3)^2/(4*பி1)

இங்கே பி என்று அச்சிட்டிருப்பதை கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். சமக்குறியில் தொடங்க மறக்க வேண்டாம். என்டர் தட்டியதும் 1271.24 என்று விடை வரும். பி5இல் =பி4/25.4 என்று கொடுத்தால் அங்குலத்தில் 50.05. பி6இல் =பி5-2 கொடுத்தால் ஏறக்குறைய 48. கடையில் கேட்க வேண்டியது ஏ 48. ஐட்லர் நகரும் தூரம் சிறு வித்தியாசத்தை ஈடுகட்டி விடும்.

விடைக்குப் பதில் வேல்யூ என்ற சொல்லோடு ஒரு பிழைச் செய்தி வருகிறதா? செல்லுக்குள் 400 மிமீ என்று எழுத்தையும் சேர்த்து அடித்திருப்பீர்கள். கம்ப்யூட்டருக்கு அது எண் அல்ல, வெறும் சொல். அலகை ஏ வரிசையில் எழுதி, பி வரிசையில் எண்ணை மட்டும் விடுங்கள்.

சூத்திரத்தின் கருத்து எளிமையானது. பெல்ட்டின் இரண்டு நேர்ப்பகுதிகள்தான் முதல் துண்டு. இரு புல்லிகளையும் பாதி பாதியாகச் சுற்றுவது இரண்டாவது. புல்லிகள் சம அளவாக இல்லாத போது நேர்ப்பகுதி சாய்வாகப் போகிறதே, அதற்கான சிறு திருத்தம் மூன்றாவது. இரண்டு மூன்று பிளேடு உள்ள பெரிய டெக்குக்கு இந்தச் சூத்திரம் போதாது. அதற்கு ஐட்லரை அதன் ஓட்டத்தின் நடுவில் நிறுத்தி, நீளாத மெல்லிய கயிறு ஒன்றை புல்லிகளின் வெளி விளிம்பு மட்டத்தில் பெல்ட் போகும் வழியிலேயே சுற்றி அளக்க வேண்டும். அதில் கிடைப்பது வெளிச் சுற்றளவு.

அளவு சரியாக இருந்தாலும் இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது. மோட்டார் பம்புக்குப் போடும் சாதாரண பெல்ட்டைப் புல் மிஷினுக்குப் போடலாமா? ஒற்றை பிளேடுள்ள எளிய மிஷினில் ஓடும். ஆனால் பல டெக்குகளில் பிளேடை இயக்கும் ஒவ்வொரு முறையும் பெல்ட் சற்று வழுக்கித்தான் பிடிக்கும். ஐட்லரைச் சுற்றி முதுகுப்புறமாகவும் வளையும். இதற்காகவே உள்ளே அராமிட் இழை வைத்துச் செய்கிறார்கள். 1965இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ஸ்டெபனி குவோலெக் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த கெவ்லார் அந்த வகையைச் சேர்ந்தது. குண்டு துளைக்காத சட்டைக்குப் பயன்படும் அதே இழை. பாகப் பட்டியலில் அராமிட் அல்லது கெவ்லார் என்றிருந்தால் விலையைப் பார்க்காமல் அதையே வாங்குங்கள். சாதாரண பெல்ட் அங்கே சீக்கிரம் நீண்டு விடும்.

லேத் பட்டறையில் புல்லி செய்தால்

ஓசூர் வட்டாரத்தில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. உடைந்த புல்லியைக் காட்டினால் சாயங்காலத்துக்குள் புதிதாகக் கடைந்து தருவார்கள். கை வேலை நன்றாகத்தான் இருக்கும். விட்டத்தை மட்டும் அவர்கள் வசம் இருக்கும் இரும்புக்கு ஏற்ப மாற்ற விடாதீர்கள். ஏன் என்பதை அதே ஷீட்டிலேயே பார்க்கலாம்.

பி7இல் இஞ்சின் வேகம் 3000 என்று இடவும். பி8இல் =பி7*பி2/பி3 கொடுங்கள்; இது பிளேடு ஒரு நிமிடத்தில் சுற்றும் எண்ணிக்கை. பி9இல் பிளேடின் முழு நீளம் சென்டிமீட்டரில், 53. பி10இல் =3.1416*பி9/100*பி8/60 கொடுத்தால் பிளேடு நுனியின் வேகம் நொடிக்கு எத்தனை மீட்டர் என்று கிடைக்கும். இரண்டு புல்லியும் 150 ஆக இருக்கும் போது விடை 83.25. மணிக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர்!

இப்போது பி3ஐ மட்டும் 125 என்று மாற்றி என்டர் தட்டுங்கள். எல்லா விடைகளும் தானாக மாறுவதைப் பாருங்கள். காகிதத்தில் போட்ட கணக்குக்கும் ஷீட்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பிளேடு இப்போது 3,600 சுற்று. நுனி வேகம் 99.9. அமெரிக்கத் தர விதி புல் மிஷின் பிளேடு நுனிக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி, அதாவது நொடிக்கு 96.5 மீட்டர். ஒரு அங்குலம் சின்னதாகக் கடைந்த புல்லி அந்த வரம்பைத் தாண்டி விட்டது. வெட்டு பிரமாதமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வேகத்தில் பிளேடு ஒரு கல்லைத் தட்டினால் அது எந்தத் திசையில் போகும், எதிரே யார் நிற்பார்கள் என்று சொல்ல முடியாது. கூடவே பி6ஐயும் பாருங்கள்: பெல்ட்டும் 46.5 அங்குலமாகக் குறைந்து விட்டது. முன்பு கணக்குப் போட்ட ஏ 48 இந்தப் புல்லிக்குத் தொளதொளக்கும்.

கழற்றி மாட்டுதல்

பிளேடு சுழலாமல் இருக்க டெக்கின் ஓரத்துக்கும் பிளேடுக்கும் இடையே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து போல்ட்டைத் தளர்த்தவும். பெரும்பாலும் வழக்கமான திருகுதான். சில மிஷின்களில் இடது திருகு. அசையவில்லை என்றால் பலம் காட்டும் முன் பாகப் படத்தைப் பார்த்து விடுங்கள். மேலே புல்லி நட்டைக் கழற்றி, புல்லியை இரண்டு கால் புல்லரால் இழுத்து எடுக்கவும். ஸ்பிண்டில் கூட்டின் போல்ட்டுகளைக் கழற்றினால் முழுக் கூடும் கையில் வரும். தண்டின் நுனியில் மரக்கட்டை வைத்துத் தட்டினால் தண்டு வெளியேறும். பேரிங்குகளைப் பின்புறமிருந்து சுற்றிச் சுற்றித் தட்டி எடுக்கவும்.

இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே சிறிய குழாய் ஒன்று விழும். அதைத் தூக்கி எறிந்து விடாதீர்கள்! நட்டை முடுக்கும் போது வரும் அழுத்தத்தை அந்தக் குழாய்தான் ஒரு பேரிங்கின் உள் வளையத்திலிருந்து மற்றதன் உள் வளையத்துக்குக் கடத்துகிறது. அது இல்லாமல் மாட்டினால் முடுக்கும் போதே குண்டுகள் நசுங்கும். புதிய பேரிங் ஒரே வாரத்தில் கத்தத் தொடங்கும். குற்றம் பேரிங் கடைக்காரர் மேல் விழும்.

புதியதை மாட்டும் போது ஒரே விதிதான். கூட்டுக்குள் இறக்கும் போது வெளி வளையத்தில் மட்டும் அழுத்தம். தண்டில் ஏற்றும் போது உள் வளையத்தில் மட்டும் அழுத்தம். மாறி அழுத்தினால் அடி முழுவதும் நடுவிலுள்ள குண்டுகளின் மேல் விழும். சரியான அளவில் பெரிய சாக்கெட் ஒன்றை வளையத்தின் மேல் வைத்து மெதுவாகத் தட்டலாம். பெஞ்ச் வைஸ் இருந்தால் அதில் வைத்து அழுத்துவது இன்னும் நல்லது. கூட்டின் குழியில் பேரிங் கையாலேயே லொடக்கென்று விழுந்தால் குழி தேய்ந்து விட்டது என்று பொருள். அங்கே மட்டும் சர்வீஸ் ஆள் சொன்னது சரி, கூட்டை மாற்றத்தான் வேண்டும்.

சில கூடுகளில் கிரீஸ் நிப்பிள் இருக்கும். இருபுறமும் ரப்பர் மூடிய பேரிங்கைப் போட்டு விட்டு அதில் கிரீஸ் அடித்தால் கிரீஸ் கூட்டில் நிரம்புமே தவிர குண்டுக்குப் போகாது. நிப்பிள் உள்ள கூட்டுக்கு எந்த வகை பேரிங் என்று பாகப் பட்டியலில் பார்த்து வாங்கவும்.

பிளேடைத் திரும்ப மாட்டும் முன் அதன் நடுத்துளையைச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் கனம் அதிகம். தாழும் பக்கத்தின் வெட்டாத முனையில் கொஞ்சம் அரம் போட்டுச் சமன் செய்யவும். சமன் இல்லாத பிளேடு சுற்றும் ஒவ்வொரு சுற்றிலும் புதிய பேரிங்கை அடித்துக் கொண்டே இருக்கும்.

பாகத்தை ஆன்லைனில் ஆர்டர் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. தேன்கனிக்கோட்டையை ஆங்கிலத்தில் டெங்கணிக்கோட்டை என்று படிக்கும்படி எழுதுவதே வழக்கமாகி விட்டது. முகவரிக் கட்டத்தில் தமிழ் உச்சரிப்பை அப்படியே ஆங்கிலத்தில் அடித்தால் பட்டியலில் ஊர் கிடைக்காமல் போகலாம். பழைய எழுத்துக்கூட்டலைக் கொடுத்து, பின்கோடையும் சரி பாருங்கள். மாவட்டம் என்ற இடத்தில் தர்மபுரி என்றிருந்தால் அது பழைய பட்டியல். 2004இல் பிரிந்ததிலிருந்து நமக்குக் கிருஷ்ணகிரி.

எல்லாம் மாட்டி முடித்து முதல் அரை மணி நேரம் ஓட்டியதும் மிஷினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றி, பிளேடு போல்ட்டையும் புல்லி நட்டையும் ஒரு முறை முடுக்கிப் பாருங்கள். ஸ்பிண்டில் கூட்டைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு என்றால் நடுக்குழாயை மறந்திருக்கிறீர்களா என்று பார்க்க வேண்டும். கழுவும் போது பிரஷர் வாஷரின் பீச்சலை ஸ்பிண்டில் பக்கம் காட்டாதீர்கள். அந்த வேகத் தண்ணீர் ரப்பர் மூடியையும் தாண்டிப் போகும். ஷீட்டில் பி11இல் இன்றைய தேதியையும், பி12இல் பேரிங் எண்ணையும், பி13இல் பெல்ட் எண்ணையும் எழுதி "புல்மிஷின்" போல்டரிலேயே சேவ் செய்திடவும். அதன் ஒரு நகலைப் போனிலும் வைத்துக் கொண்டால் கடை வாசலில் நின்று எண்ணைக் காட்டலாம்.